மூடி போட்ட கிளாஸ்

அக்காவின் வீட்டுக்கு நான் முதன்முதல் போனபோது என்னை முன்னறை சோபாவில் இருத்திவிட்டு, கண்ணாடிக் கிளாசில் கோப்பி கொண்டுவந்து தந்தார். கிளாசுக்கு அடியில் சோசர், மேலே ஒரு தகர மூடி. பால் இல்லை. வடிக்காத கோப்பித்தூள் அடியில் சேறு மாதிரிக் கிடந்தது. குடித்து முடித்ததும் கழுவி வைப்போம் என்று எழும்பினேன். வேலையிலும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம், கை பழகிவிட்டது. அக்கா ஓடிவந்து கிளாசை என் கையிலிருந்து பறித்தார். விருந்தாளி கழுவக் கூடாதாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை. தமிழும் இல்லை. இந்தோனேசியாவில் ஜாவாவுக்குப் பக்கத்தில் மதுரா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஒரு தோட்டக்காரக் கிராமம் அவருடைய ஊர். பெயரைக் கேட்டுவிட்டு மதுரையா என்று விழுந்தடித்துக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒரு வளைகுடாக் குடும்பத்துக்குச் சமைக்கப் போய், அவர்களோடு மொன்றியலுக்கு வந்து, ஒரு நாள் குப்பை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து வெளியேறிவிட்டவர். அதற்குப் பிறகு இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினிக்குப் பின்னால், தட்டும் கோப்பையும் கழுவுகிற அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெசினுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவர் அழுக்குப் பக்கம், நான் சுத்தப் பக்கம்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் இங்கிலிஸ். மிச்சத்தைக் கை பேசும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் என்னைத் தங்கச்சி என்றார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதப் போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஊர்க்கதை சொல்லி மூக்குச் சிந்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அங்கே இருந்த காலத்தில் பக்கத்து வளவுக்காரன் ஒரு முழம் தள்ளி வேலி போட்டான் என்று கோடேறி வழக்காடினவர்கள்தான் இங்கே வந்து எங்கட மண் எங்கட மண் என்று உருகுகிறார்கள். அக்காவிடம் அந்த உருக்கம் இல்லை. தன் ஊர் மண் கல்லும் சுண்ணாம்பும் என்றார். மழைக்குச் சோளம், வெயிலுக்குப் புகையிலை. புகையிலைக் கன்றுக்குத் தண்ணீரைத் தோளில் காவிப் போய் ஊற்ற வேண்டும். "தோள் இப்பவும் நோகுது" என்றார். பனைமரமும் நிற்குமாம், கருப்பணி என்கிற பதநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவார்களாம். கல்லு நிலம், புகையிலை, பனை. நான் என்னை மறந்து, எங்கட ஊரிலயும் அதுதான் அக்கா என்று சொல்லிவிட்டேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது.

இரண்டு மூன்று மாசம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது முன்னறைக்கு விடாமல் நேரே குசினிக்குக் கூப்பிட்டார். இந்த முறை மூடியும் இல்லை, சோசரும் இல்லை. குடித்துவிட்டுக் கிளாசை மேசையில் வைத்தேன். "கழுவி வைச்சிட்டுப் போ. இஞ்சை உனக்கு ஆர் வேலைக்காரி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, பிறகு விளங்கப்படுத்தினார். அவருடைய ஊரில் பெண்கள் யாரும் வந்தால் முன் விறாந்தையில் இருத்தி மூடி போட்ட கிளாசில் கோப்பி கொடுப்பார்கள். அவர்கள் விருந்தாளிகள். குசினியில் குந்தியிருந்து குடித்து, தன் கிளாசைத் தானே கழுவி வைக்கிறவள் வீட்டுக்காரி. எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கிளாசை இரண்டு தரம் கழுவினேன்.

அவருடைய ஊரில் வீடுகள் இருக்கும் விதத்தை எனக்குக் காட்டியது வேலை செய்யும் இடத்தில்தான். மெசினுக்குள் தள்ளுகிற நீலப் பிளாஸ்டிக் றாக் ஒன்றை இழுத்து, மேல் வரிசையில் கிளாஸ்களை அடுக்கினார். இடப்பக்கத் தொங்கல், கடைசி முனை, மேற்கு. அங்கே சின்னத் தொழுகைக் கொட்டில். ஆண் விருந்தாளிகள் அதில்தான் இருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் தாயின் வீடு. பிறகு கிழக்கே போகப் போக மகள்மாரின் வீடுகள், வயதுப்படி. எதிர்ப்பக்கம் குசினிகளும் மாட்டுக் கொட்டிலும். நடுவில் நீளமாக ஒரு முற்றம், எல்லாருக்கும் பொது. ஆண்பிள்ளைகளுக்குக் கிளாஸ் வைக்கவில்லை. அவர்கள் கலியாணம் கட்டி மனைவியின் முற்றத்துக்குப் போய்விடுவார்களாம்.

"இதிலை உங்கட வீடு எது?" என்று கேட்டேன்.

தாயின் கிளாசைத் தொட்டார். அவர்கள் வளவு சிறியது. மூத்தவளுக்கு வேறு வீடு கட்டவில்லை, தாய்க்குப் பிறகு தாயின் வீடு அவளுக்கு. பக்கத்தில் தங்கையின் வீடு. அதோடு வளவு முடிந்தது, அங்கால் வேறு ஆட்களின் சோளத் தோட்டம்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. காணிக் கதை என்றால் என் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "உறுதி எழுதியிருக்கோ?"

"என்ன உறுதி?"

"இந்த வீடு உங்கட பேரிலை எண்டு."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆர் காலமை கதவைத் திறக்கிறாளோ, வாற சனத்துக்கு ஆர் கோப்பி வைக்கிறாளோ, அவளின்ர வீடு. இதுக்கு என்னத்துக்குப் பேப்பர்?"

எனக்கு அது செரிக்கவில்லை. அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டின் உறுதி, பழைய உறுதிகளோடு சேர்த்து, இங்கே என் அலுமாரிக்குள் இருக்கிறது. கதவுப் பூட்டின் திறப்பும் என்னிடம்தான். வீடு ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள். கூரை இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. "சீதனம் தாறன் எண்டு உன்ர கொப்பர் என்னை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டார்" என்று என் கணவர் பகிடி விடுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அழுகிறதைவிட அது சுகம். ஆனால் அன்று அந்த றாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பேப்பரே இல்லாமல் இந்த மனுசி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாரே என்று பொறாமையாக இருந்தது.

அதற்கு அடுத்த பனிக்காலத்தில் அவருடைய தாய் இறந்துபோனார். அக்கா வழமைபோல வேலைக்கு வந்து, வழமைபோலத் தட்டுகளை வழித்துக் கொட்டி, மெசினுக்குள் தள்ளிவிட்டார். வேலை முடிந்து மெட்ரோவுக்கு நடந்துபோகும்போதுதான் சொன்னார்.

"அம்மா மோசம் போட்டா. நேற்றே அடக்கம் முடிஞ்சுது."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். போகவில்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வழக்கு முடியாமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர ஏலாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அனுப்புவதில்தான் அங்கே வயதான தகப்பனின் மருந்தும் சாப்பாடும் நடந்தன. மெட்ரோவுக்குப் போகாமல் அவர் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன். பனி முகத்தில் அடித்தது. துடைக்கிற சாட்டில் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

தங்கை தாயின் வீட்டைப் பூட்டிவிட்டாள். விறாந்தையை மட்டும் கூட்டுவாள், உள்ளே போக மாட்டாள். அக்கா வந்துதான் கதவைத் திறக்க வேண்டும். கதவு நிரந்தரமாகவும் பூட்டிக் கிடக்க முடியாது. இறந்தவர்களுக்கு ஓதுகிற வழக்கம் ஒன்று அவர்களிடம் உண்டு. ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று போய், கடைசி ஓதல் மூன்று வருசம் போலக் கழித்து வரும். அதுவரைக்கும் பொறுப்பார்கள். அதோடு இறந்தவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிடும். பிறகு அந்த வீட்டில் யாராவது விளக்கேற்றி இருந்தாக வேண்டும்.

மூன்று வருசம் இருக்கிறதே, அதற்குள் பேப்பர் வராமல் போகுமா என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். நம்பிக்கைக்கென்ன, செலவா?

பேப்பர் வரவில்லை. விசாரணையைத் தள்ளிப் போட்டார்கள், மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றார்கள், மறுபடி தள்ளிப் போட்டார்கள். இதற்கிடையில் தங்கையின் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை பெண்ணின் முற்றத்துக்கு வந்து இருக்க வேண்டும். இருக்க வீடு வேண்டும். கிழக்கே வளவு முடிந்துவிட்டது. மேற்கே பூட்டின வீடு ஒன்று நிற்கிறது. தங்கை ஃபோனில் கலியாணத்தைப் பற்றிச் சொல்லுவாள், சோளத்தைப் பற்றிச் சொல்லுவாள், மாடு கன்று போட்டதைச் சொல்லுவாள், வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் வாயிலிருந்து வராது.

"கள்ளி, அமுக்கப் பாக்கிறாள்" என்றேன் நான். எங்கள் ஊரில் இப்படி எத்தனை கூத்துப் பார்த்தவள்.

அக்காவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் கண்டதில்லை. கையிலிருந்த தட்டை மேசையில் அடித்து வைத்தார். "அவள் கேட்டிருந்தால் நான் இல்லையெண்டு சொல்லியிருப்பன். அவள் கேக்கேல்லை. பொம்பிளைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். விளங்குதோ உனக்கு?"

விளங்கியது. கேட்காதவளுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? கிளாஸ்களை அடுக்கினேன்.

அன்றைக்கு வேலை முடியும் நேரத்தில் அவராகவே சொன்னார். கடைசி ஓதலுக்கு முதல் தான் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். தன் கையால் கதவைத் திறந்து, ஒரு இரவாவது தாயின் கட்டிலில் படுத்து எழும்பி, விடிய அடுப்பு மூட்டி, தங்கையின் மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனால், அது பெரியம்மாவின் வீடு, பெரியம்மா அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறாள். எத்தனை வருசம் கழித்துப் போனாலும் அந்த முற்றத்தில் அவர்தான் மூத்தவள். அதைவிட்டு ஃபோனில் சொன்னால்? "அது குடுக்கிறது இல்லை, தங்கச்சி. அது விடுறது."

அவருக்குக் கணவன் இல்லை, எப்பவோ பிரிந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. மொன்றியலில் மாசவாடகைக்கு எடுத்த இரண்டு அறை. உலகத்தில் அவருடையது என்று சொல்ல அந்தப் பூட்டின கதவு ஒன்றுதான் இருந்தது.

கடைசி ஓதலுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது ஒரு ஞாயிறு காலை என்னை வரச் சொன்னார். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கின ஃபோன் கார்ட் மேசையில் கிடந்தது. எண்களை அழுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே இரவு. தங்கை எடுத்தாள். மதுரா மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அக்கா கனக்கப் பேசவில்லை. நாலைந்து வசனம், சந்தையில் விலை சொல்லுகிற மாதிரி நேரான குரலில். மற்றப் பக்கத்தில் தங்கை அழுவது எனக்கே கேட்டது. அக்கா ஏதோ சொல்லி அவளைத் தேற்றினார். வீட்டை விட்டுக்கொடுத்தவர் தேற்றுகிறார், வாங்கினவள் அழுகிறாள். ஃபோனை வைத்துவிட்டு, "கோப்பி போடு" என்றார். நான்தான் போட்டேன்.

அடுத்த வருசம் இலைகள் உதிர்கிற நேரத்தில் அவருக்குப் பேப்பர் வந்தது. உள்ளே நான் வயிறெரிந்தேன். இந்தக் கோதாரியில் போன பேப்பர் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோகும்? அக்கா எரியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறேன் என்று தலைகால் தெரியாமல் நின்றார். வெளியூர்களில் பிழைக்கிற மதுராக்காரர் எல்லாரும் அந்தப் பெருநாளுக்கு எப்படியாவது வீடு போய்ச் சேர்வார்களாம். தங்கைக்கு உடுப்புத்துணி, கலியாணம் முடிந்த மகளுக்குக் கைப்பை, தகப்பனுக்குக் கம்பளிச் சட்டை. அந்த வெக்கையில் கம்பளிச் சட்டை எதற்கு என்று கேட்டதற்கு, "கனடாவிலை இருந்து வந்தது எண்டு காட்ட" என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பனங்கட்டி என்றேன்.

திரும்பி வந்ததும் கப்பலைப் பற்றித்தான் முதலில் சொன்னார். சுரபாயாவிலிருந்து தீவுக்குப் போகிற கப்பலில் கால் வைக்க இடமில்லையாம். மோட்டார் சைக்கிள், ஆடு, கோழிக்கூடு, இதெல்லாத்துக்கும் நடுவில் பிள்ளைகள். ஒரு ஆடு இவருடைய புதுச் சப்பாத்தின் நாடாவைத் தின்றுவிட்டது. அதை நடித்துக் காட்டினார். மெசினுக்கு இந்தப் பக்கம் நின்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மழை நல்லாய்ப் பெய்திருக்கிறது, சோளம் இடுப்பளவு, தகப்பன் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஊரைச் சுற்றினார். எல்லாம் நல்லாய் இருந்தது என்றார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்குப் பொறுமை குறைவு, ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பனி கரையத் தொடங்கின பிறகுதான் ஒரு நாள் பனங்கட்டி சாப்பிட வா என்று கூப்பிட்டார். ஓலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார், எங்கள் ஊரில் பனங்கட்டி வருகிற ஓலைக் குட்டான் மாதிரியே. குசினி மேசையில் இருந்து, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு கோப்பியைக் குடித்தோம். கடித்து முடிக்க முதல் மற்றத் துண்டையும் எடுத்துவிட்டேன். ஊர்க்கதைக்கு எரிச்சல்படுகிறவள் நான், ஆனால் நாக்குக்கு அது தெரியாதே. அக்கா என்னைப் பார்க்காமல் கிளாசைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

தாயின் வீட்டில்தான் படுக்கை போட்டிருந்தார்கள். முன்னறையில், புது மெத்தையில், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். கோழி அடித்தார்கள். அயலட்டை எல்லாம் வந்து பார்த்து, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று அன்பாகக் கேட்டார்கள். விடிய எழும்பி மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார். பெறாமகள், தங்கையின் அந்தக் கலியாணம் முடிந்த மகள், ஓடிவந்து அரிவாளை வாங்கிக்கொண்டாள், பெரியம்மா உங்களுக்கு இனிப் பழக்கம் இராது, கை வெட்டிப்போடும் என்று. அவள் சொன்னதும் சரிதான், அக்கா அதை ஒத்துக்கொண்டார். விறாந்தையில்தான் கோப்பி வந்தது. ஒவ்வொரு நாளும், மூடி போட்டு.

"அம்மாவின்ர கிளாஸ்தான். நான் சின்னனிலை அந்த மூடியை உருட்டி விளையாடினனான்."

கடைசி நாள் காலை கோப்பியைக் குடித்துவிட்டு, கிளாசை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து குசினிக்குப் போனார். தாய் இருந்த காலத்தில் குந்தியிருந்த அதே இடத்தில், வாளிக்குப் பக்கத்தில் குந்தினார். தங்கை அடுப்படியிலிருந்து எழும்பி வந்து, இரண்டு கையாலும், வலு மரியாதையாக, கிளாசை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"வையுங்கோ அக்கா. நாங்கள் கழுவுவம்."

அக்கா அதோடு நிறுத்தினார். எனக்கு அந்தத் தங்கையைத் திட்ட வேண்டும் போல இருந்தது. எதற்கென்று திட்டுவது? அவள் பிழை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"இஞ்சை ஊர் பேர் தெரியாத சனத்தின்ர எச்சில் கிளாசெல்லாம் கழுவுறம்" என்றார் அக்கா. "என்ர அம்மாவின்ர குசினியிலை என்ர ஒரு கிளாசைக் கழுவ விடேல்லை."

அவர் அழுதார். தாய் இறந்தபோதுகூட இப்படிச் சத்தமாக அழவில்லை. நான் எழும்பி, ஏதாவது செய்ய வேண்டும் என்று மேசையிலிருந்த இரண்டு கிளாசையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன்.

"என்ரதை வை" என்றார்.

வைத்தேன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து, தண்ணீரைத் திறந்து, தன் கிளாசைக் கழுவத் தொடங்கினார். உள்ளே, வெளியே, அடி, விளிம்பு என்று கழுவிக்கொண்டே இருந்தார். அவர் முடிக்கும்வரைக்கும் நான் என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.